வாயினாள அமுக்கமும் அதனை அளக்கும் ஊசியும்

குருதியானது இதயத்தினின்று புறப்பட்டு உடலெங்குஞ் சென்று மீண்டும் இதயத்தையே அடையும் சுற்றோட்டமுடையது என்பதை ஆங்கில வைத்தியரான வில்லியம் ஹாவி 1628 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலால் நிறுவினார். அச்சுற்றோட்டத்தில் நாடி, மயிர்க்குழாய், நாளம் என்னும் மூன்றும் முறையே தொடர்வது பொதுவிதி. இவ்விதிக்குப் புறனடையாய் அமைந்த குருதிவழிகள் சில உள. அவற்றுள் மிகப் பெரியது ஈரலை நோக்கிச் செல்லும் வாயினாளம். இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், சதையி, மண்ணீரல் ஆகிய உறுப்புக்களின் மயிர்க்குழாய்களிற் பரவி வெளிப்படும் குருதி நேரே இதயத்துக்குத் திரும்புவதில்லை. அது வாயினாளத்தில் ஒன்றுசேர்ந்து ஈரலினுட் புகுந்து, ஆங்கு இரண்டாம் முறையும் நுண்குழாய்களாய்ப் பிரிந்து, உணவின் சத்துக்களை ஈரலுக்கு ஒப்புவித்த பின்னரே ஈரல் நாளங்கள் வழியாகக் கீழ்ப் பெருநாளத்தை அடைந்து இதயத்தைச் சேரும்.

வாயில், நாளம் என்னும் இரு சொற்களும் புணர்ந்து வாயினாளம் என நின்றன. ஈரலின் அடிப்புறத்திலே குருதிக்குழாய்களும் பித்தக்கானும் போக்குவரவு செய்யும் பள்ளத்தை மேனாட்டார் வாயில் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் வழங்கினர். அவ்வாயிலாற் புகும் நாளம் ஆதலின் இப்பெயர் எய்திற்று. வாய்போன்ற நாளம் என்று மாணவர் சிலர் பொருள்கொள்வதுண்டு, அது பொருந்தாது.

ஈரலுக்கு ஒரு நிமிடத்தில் வந்துசேரும் குருதி ஏறத்தாழ ஒன்றரை இலீற்றர். இதில் முக்காற்பங்கை வாயினாளமும் எஞ்சிய காற்பங்கை ஈரல் நாடியும் கொணர்கின்றன. இத்துணைப் பெருவெள்ளம் பாயினும் வாயினாளத்தின் அமுக்கம் மிகச் சிறியது. வாயினாளத்துக்கும் ஈரல் நாளத்துக்கும் இடையேயுள்ள அமுக்க வேறுபாடு, நலமுற்ற ஒருவரிடத்தில் 1 முதல் 5 வரை மில்லிமீற்றர் இரசமே. ஐந்து மில்லிமீற்றர் இரசம் என்பது ஏழு சதமமீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரமுடைய நீர்நிரலுக்குச் சமம். ஒரு தேநீர்க் கோப்பையின் ஆழத்தளவே எனலாம். இச்சிறு வேறுபாடே நிமிடந்தோறும் ஒரு இலீற்றருக்கு மேற்பட்ட குருதியை ஈரலின் ஊடே செலுத்திவிடுகின்றது. நலமுற்ற ஈரல் குருதியோட்டத்துக்குக் காட்டும் தடை எத்துணைச் சிறியது என்பது இதனாற் புலனாகும்.

இத்தடை பெருகும்போதே கேடு விளைகின்றது. நீடித்த மதுபானம், ஈரலைத் தாக்கும் வைரசுகள், ஈரலிற் கொழுப்புப் படிதல் முதலிய காரணங்களால் ஈரற் கலங்கள் ஆண்டுக்கணக்கில் அழிந்து, அழிந்தவிடத்தில் நாரிழையம் பரவி, எஞ்சிய கலங்கள் முடிச்சு முடிச்சாய்த் திரளும் நிலையே சிரோசிசு எனப்படும். நார்த் தழும்புகள் ஈரலின் நுண்குழாய்களை நெருக்குகின்றன. ஒடுங்கிய குழாய்களிற் பாய்மம் ஓடும் முறையை ஆராய்ந்து விதி கண்டவர் புவசேய் என்னும் பிரெஞ்சு அறிஞர். பௌதிகவியல் மாணவர் அவரைச் சூத்திரத்தால் அறிவரேயன்றி அவர் ஒரு வைத்தியர் என்பதையும், குருதியமுக்கத்தை அளக்க இரச அமுக்கமானியை 1828 ஆம் ஆண்டிற் கையாண்டவர் என்பதையும் பலர் அறியார். குழாயின் ஆரை குறையக் குறையத் தடையானது ஆரையின் நாலாம் அடுக்குக்கு நேர்மாறாகப் பெருகும் என்பது அவ்விதி. எனவே ஆரை பத்திலொரு பங்கு குறையின் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். ஐந்திலொரு பங்கு குறையின் இரண்டரை மடங்கை அணுகும். ஈரலின் நுண்குழாய்கள் நேர்த்தியான உருளைகள் அல்லவாயினும் இவ்விதியின் போக்கு அவற்றுக்கும் பொருந்தும். தழும்பு ஒரு சிறிது மிகுந்தாலும் அமுக்கம் ஏன் வெகுவாக உயர்கின்றது என்பதற்கு விடை இதுவே.

தழும்பு மாத்திரமே காரணமன்று. நோயுற்ற ஈரலில் நுண்குழாய்களைச் சூழ்ந்த கலங்கள் தாமும் சுருங்கி நெருக்குகின்றன. குழாய்களை நெகிழவைக்கும் நைத்திரிக்கொட்சைட்டு என்னும் வாயு ஈரலிற் போதாமற்போக, குடலின் நாடிகளிலோ அதே வாயு மிகுந்து அவற்றை விரியச்செய்து மேலும் மேலும் குருதியை வாயினாளத்துட் செலுத்துகின்றது. துருசு அடைபட்ட குளத்துக்கு வாய்க்கால்களும் பெருக்கெடுத்து வந்து விழுவதுபோன்ற நிலை. அக்குளம் ஒன்றில் வான் பாயவேண்டும், அன்றேல் அணை உடையவேண்டும்.

உடலும் முதலில் வான்வழியையே தேடுகின்றது. வாயினாளத்துட் புகமாட்டாத குருதி, இரைப்பையின் மேற்பாகத்திலும் களத்தின் அடிப்பாகத்திலும் உள்ள மெல்லிய நாளங்கள் வழியாக மேற்பெருநாளத்தை அடைய முயல்கின்றது. அந்நாளங்கள் இத்துணைக் குருதியைத் தாங்க அமைந்தவை அல்ல. ஆகவே புடைத்து முறுகிச் சுவர் மெலிகின்றன. ஒருநாள் அவை வெடித்தால் நோயாளி குடங்குடமாய்க் குருதி கக்குவான். இன்றைய சிகிச்சை வசதிகள் யாவும் வாய்த்தும், இவ்வாறு குருதி கக்கியவருள் நூற்றுக்கு 10 முதல் 20 பேர் வரை ஆறு வாரத்துள் இறக்கின்றனர். வயிற்றில் நீர் கோத்தல் மற்றொரு விளைவு. நம் நாட்டு வைத்தியர் மகோதரம் என்று பெயரிட்டு அஞ்சிய நோயின் பெரும்பகுதி இதுவேயாம். மண்ணீரல் வீங்குதலும், ஈரலிற் சுத்தியாகாத குருதி மூளையை அடைந்து அறிவு மயங்குதலும் இவற்றோடு சேர்வன.

இவ்விளைவுகள் யாவும் ஓர் எண்ணைச் சார்ந்து நிற்கின்றன என்பதே சென்ற எழுபது ஆண்டுகால ஆராய்ச்சி காட்டிய உண்மை. அமுக்க வேறுபாடு 5 மில்லிமீற்றரைக் கடப்பின் வாயினாள உயரமுக்கம் தொடங்கிற்று என்பர். 10 ஐ எட்டியபின் நாளப் புடைப்பும் நீர்கோத்தலும் தோன்றத் தொடங்கும். 12 ஐ எட்டாத ஒருவருக்குப் புடைத்த நாளம் வெடித்தல் மிக அரிது. நோயாளி யாதொரு துன்பமும் உணராமல் நடமாடித் தொழில்செய்து வரும் காலத்திலேயே இவ்வெண் 4 இலிருந்து 11 ஆக உயர்ந்துவிடலாம். அவ்வுயர்வை எங்ஙனம் அறிவது என்பதே வினா.

குருதியமுக்கத்தை முதன்முதல் அளந்தவர் இங்கிலாந்துப் பாதிரியாரான ஸ்தீபன் ஹேல்சு. குதிரையொன்றின் நாடியில் நெடிய கண்ணாடிக் குழாயை இணைத்து, அதிற் குருதி எட்டடிக்கு மேல் ஏறி நின்றதைக் கண்டு, 1733 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் குறித்துள்ளார். நாடியை அளத்தல் எளிது. அது தோலுக்கு அண்மையில் உள்ளது. இதயத்தின் அறைகளை அளத்தலும் பின்னர் இயல்வதாயிற்று. யேர்மனியில் வேர்ணர் பொர்சுமன் என்னும் இளம் வைத்தியர் 1929 ஆம் ஆண்டிலே தம் கைநாளத்தின் வழியே மெல்லிய குழாயொன்றைத் தாமே செலுத்திக்கொண்டு, அதனுடன் ஊடுகதிர் அறைக்கு நடந்துசென்று, அதன் நுனி இதயத்தை அடைந்தமையைப் படமெடுத்துக் காட்டினார். அன்று ஏளனஞ் செய்யப்பட்ட அச்செயலுக்கு 1956 ஆம் ஆண்டில் நோபெல் பரிசின் பங்கு கிடைத்தது.

எனினும் வாயினாளத்தை எட்டுதல் பொர்சுமனின் வழியால் இயலாது. அதன் காரணம் மேலே கூறிய புறனடையிலேயே அடங்கியுள்ளது. மற்றை நாளங்கள் யாவும் இதயத்தில் முடிவன; ஆதலால் இதயத்தினின்று எதிர்த்துச் சென்றால் அவற்றுட் புகலாம். வாயினாளத்துக்கோ ஒருபுறம் குடலின் மயிர்க்குழாய்கள், மறுபுறம் ஈரலின் நுண்குழாய்கள். இருபுறமும் கதவடைத்த அறையை ஒத்தது அது. எத்திசையிலிருந்து குழாய் செலுத்தினும் கதவின் முன்னே நின்றுவிடவேண்டியதே. வயிற்றைத் திறந்து பார்த்தல் ஒரு வழி. நியூயோர்க்கில் விப்பிள் என்னும் சத்திரவைத்தியரும் அவருடன் பணிபுரிந்தோரும் 1930 களில் சத்திரசிகிச்சையின்போது இவ்வாறு அளந்து, சிரோசிசு நோயாளரிடத்தில் அமுக்கம் உயர்ந்திருத்தலை உறுதிப்படுத்தினர். தோலின் மேலிருந்து மண்ணீரலினுள்ளோ ஈரலினுள்ளோ ஊசி குத்துதல் இன்னொரு வழி. குருதி உறையும் ஆற்றல் குன்றிய நோயாளருக்கு இவ்விரண்டும் ஆபத்தானவை.

1951 ஆம் ஆண்டில் அமெரிக்கரான மையேர்சு, தெயிலர் ஆகிய இருவரும் ஒரு நுண்ணிய உபாயத்தைக் கண்டனர். கதவைத் திறக்க இயலாதெனின் கதவுக்கு இப்புறம் நின்றே உள்ளமுக்கத்தை உய்த்துணரலாம் என்பது அவ்வுபாயத்தின் சாரம். இதயத்தின் வழியாகச் செருகுகுழாயைக் கீழ்ப் பெருநாளத்துட் செலுத்தி, ஈரல் நாளத்துட் புகுத்தி, மேலும் நகரமாட்டாது இறுகி அடைக்கும் வரை தள்ளுவர். நாளம் அடைபட்டதும் அதன் பின்னுள்ள குருதி ஓடாது தேங்கும். ஓடாத பாய்மத்தில் உராய்வால் நேரும் அமுக்க இழப்பு இல்லை. ஆகவே அத்தேங்கிய நிரலின் ஒருமுனையில் உள்ள குழாய், மறுமுனையில் உள்ள ஈரல் நுண்குழாய்களின் அமுக்கத்தையே காட்டும். இதனை அடைப்பமுக்கம் எனலாம். அடைக்காத நிலையில் ஈரல் நாளத்தில் உள்ளது திறந்த அமுக்கம். முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க வருவதே மேற்சொன்ன 5, 10, 12 ஆகிய எண்கள் சுட்டும் வேறுபாடு. குறொசுமன் என்பாரும் உடனாய்வாளரும் 1979 ஆம் ஆண்டில் குழாயின் நுனியிற் சிறு பலூனை அமைத்து, அதனை ஊதி அடைக்கவும் தளர்த்தித் திறக்கவும் வழிசெய்தபின் இம்முறை உறுதிபெற்றது. இப்போது கழுத்து நாளத்தின் வழியே குழாய் செலுத்துவதே வழக்கு.

வேறுபாட்டைக் கணித்தல் ஏன் இன்றியமையாதது என்பதை ஒரு கணக்காற் காட்டலாம். அமுக்கமானியின் பூச்சிய மட்டம் நாளத்தின் மட்டத்துக்கு ஐந்து சதமமீற்றர் கீழே வைக்கப்பட்டுவிட்டது எனக்கொள்க. குழாயிலுள்ள உப்புநீர் நிரலின் நிறையால் அளவீட்டில் ஏறத்தாழ 3.7 மில்லிமீற்றர் இரசம் மிகையாகத் தோன்றும். ஐந்துக்கும் பத்துக்கும் இடையே நோயின் தலைவிதி மாறும் ஓரிடத்தில் இது சிறு வழுவன்று. ஆனால் இரு நாளங்களையும் ஒரே மட்டத்தில் வைத்து அளந்து கழித்தால் அவ்வழு இரண்டிலும் ஒத்திருப்பதாற் கழிந்துபோகும். வயிற்றில் நீர் நிறைந்து உள்ளமுக்கம் கூடினாலும் அவ்வாறே. வாயினாளம் 24, ஈரல் நாளம் 8 எனின் வேறுபாடு 16. நீரின் நெருக்கத்தால் இரண்டும் 6 உயர்ந்து 30, 14 எனினும் வேறுபாடு 16 ஆகவே நிற்கும்.

இம்முறையால் விளைந்த பயன் பெரிது. 12 மில்லிமீற்றருக்குக் கீழ் நாளப் புடைப்பு வெடிப்பதில்லை என்பது 1985 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வால் வலியுறுத்தப்பட்டது. பிரான்சிலே லெபிரெக் என்பாரும் உடனாய்வாளரும் புறொப்பிறனொலோல் என்னும் மருந்தால் மீண்டும் குருதி கக்குவதைத் தடுக்கலாம் என 1981 ஆம் ஆண்டில் அறிவித்தனர். 2007 ஆம் ஆண்டு ஆய்வொன்றில், வேறுபாடு 10 ஐ எட்டாத சிரோசிசு நோயாளருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுவர் நான்காண்டளவு நீர்கோத்தல் முதலிய கேடின்றியிருத்தல் காணப்பட்டது. 2019 ஆம் ஆண்டில் சுபானிய ஆராய்ச்சியாளர், வேறுபாடு 10 அல்லது அதற்கு மேற்பட்டும் இன்னும் கேடுறாதிருந்த 201 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றாருக்கு இவ்வகை மருந்தும் மற்றையோருக்கு மருந்தற்ற குளிசையும் கொடுத்துவந்தனர். மருந்துண்டோருள் நூற்றுக்கு 16 பேரும், உண்ணாதோருள் நூற்றுக்கு 27 பேரும் கேடுற்றனர் அல்லது இறந்தனர். ஒருவர் வாழ்நாள் முழுதும் ஒரு குளிசையை உட்கொள்ளவேண்டுமா வேண்டாவா என்பதை 9 என்னும் எண்ணும் 11 என்னும் எண்ணும் தீர்மானிக்கும் நிலை இவ்வாறு தோன்றிற்று.

ஆயினும் கதவுக்கு வெளியே நின்று உய்த்துணர்தலுக்கு ஓர் எல்லை உண்டு. அடைப்பமுக்கம் காட்டுவது ஈரல் நுண்குழாய்களின் அமுக்கத்தை, வாயினாளத்தின் அமுக்கத்தையன்று. மதுவாலோ வைரசாலோ வந்த சிரோசிசில் தடை நுண்குழாய்களிலேயே உள்ளதாதலின் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. தடையானது நுண்குழாய்க்கு முன்னரே, வாயினாளத்தின் கிளைகளிலோ வாயினாளத்திலோ இருப்பின் அடைப்பமுக்கம் சாதாரணமாகவே தோன்றும். நோயாளியோ குருதி கக்குவான். வாயினாளத்திற் குருதி உறைந்தோரும், எகிப்து முதலிய நாடுகளில் நத்தையால் பரவும் சிசுற்றோசோமாப் புழுக்களால் ஈரல் தாக்கப்பட்டோரும், சிரோசிசின்றியே வாயினாளக் கிளைகள் தடித்தோரும் இவ்வகையினர். இறுதியிற் கூறிய நோய் இந்தியாவில் அருமையானதன்று. ஈரலிற் கொழுப்புப் படிந்து உண்டாகும் சிரோசிசிலும் அடைப்பமுக்கம் சிலரிடத்தில் உண்மையிற் குறைந்தே காட்டுகின்றது என்று அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன. இலங்கையருக்கு இது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று. றாகமைப் பகுதியில் 35 முதல் 64 வரை வயதுடையோரிடம் 2007 ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஆய்வில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு ஈரலிற் கொழுப்புப் படிந்திருந்தது. அவர்களுட் பெரும்பாலோர் சிரோசிசு அடையமாட்டார். அடையும் சிலரிடத்திலேயே அளவுகோல் வழுவக்கூடும்.

இந்நிலையிலே கதவடைத்த அறைக்குப் பக்கச்சுவரால் வழிகண்டது கழியொலி அகநோக்குக் கருவி. மனிதச் செவி வினாடிக்கு இருபதினாயிரம் அதிர்வுக்கு மேற்பட்ட ஒலியைக் கேளாது. அவ்வெல்லையைக் கடந்ததே கழியொலி. வைத்தியத்தில் வழங்குவது வினாடிக்குப் பல இலட்சம் அதிர்வுடையது. அதிர்வு கூடுந்தோறும் அலைநீளம் குறைந்து படம் தெளிவுறும். ஆனால் அவ்வொலி உடலுள் ஆழச் செல்லமாட்டாது விரைவில் தேயும். வினாடிக்கு 75 இலட்சம் அதிர்வுடைய கழியொலியின் அலைநீளம் உடலிழையத்தில் ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்கே. அத்துணை நுட்பத்தைத் தோலின் மேல் வைத்த கருவியால், விலா எலும்பும் கொழுப்பும் குடல்வாயுவும் தாண்டி, ஆழத்திலுள்ள உறுப்பிற் பெறுதல் அரிது. கருவியையே உள்ளே கொண்டுசென்றால் என்ன என்னும் எண்ணம் 1980 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் யேர்மனியிலும் ஏறக்குறைய ஒரேகாலத்திற் செயலுருப் பெற்றது. வாய்வழியே இரைப்பைக்குட் செல்லும் அகநோக்குக் கருவியின் நுனியிற் கழியொலிக் கருவி பொருத்தப்பட்டது. ஈரலின் இடச்சோணை இரைப்பையை ஒட்டியே கிடப்பதாதலின், இரைப்பைச் சுவருக்கு அப்பால் சில சதமமீற்றர்த் தொலைவிலேயே வாயினாளத்தின் இடக்கிளையும் ஈரல் நாளங்களும் தெளிவாகத் தோன்றின. கருவியின் நீளப்பக்கமாகப் படமெடுக்கும் வகை வந்தபின், அப்படத்தின் தளத்திலேயே ஊசியைச் செலுத்தி அதன் முனையைக் கண்காணித்தல் இயல்வதாயிற்று. 1990 களின் தொடக்கத்தில் தென்மார்க்கு வைத்தியர் இவ்வாறு ஊசியாற் கலங்களை எடுத்துச் சோதித்தனர்.

கட்டியைக் குத்திய ஊசியே குருதிக்குழாயையும் குத்தலாம் அன்றோ. 2004 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பன்றிகளின் வாயினாளத்தில் இம்முறையால் அமுக்கம் அளக்கப்பட்டது. கலிபோர்ணியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தில் கெனத்து சாங் என்பாரும் உடனாய்வாளரும் இதற்கென ஒரு நுண்ணூசியையும் சிறிய அமுக்கமானியையும் இணைத்து அமைத்தனர். கழுத்து நாள முறையோடு விலங்குகளில் ஒப்புநோக்கிய முடிவுகளை 2016 ஆம் ஆண்டிலும், மனிதரில் நிகழ்த்திய முதலாய்வை 2017 ஆம் ஆண்டிலும் வெளியிட்டனர். பின்னதில் 28 நோயாளர் இடம்பெற்றனர். அனைவரிடத்தும் அளத்தல் கைகூடிற்று, வேறுபாடு 1.5 முதல் 19 மில்லிமீற்றர் வரை அமைந்தது. களத்தில் நாளப் புடைப்பு உடையோரிடத்தும் குருதிச் சிறுதட்டுக் குறைந்தோரிடத்தும் எண் உயர்ந்தே காணப்பட்டது. யாருக்கும் தீங்கு நேரவில்லை. 2021 ஆம் ஆண்டிற் சீனத்தில் 12 நோயாளரிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டபோது எண்கள் மிக நெருங்கி ஒத்தன.

செய்முறை வருமாறு. மயக்க மருந்து பெற்ற நோயாளியின் இரைப்பையுட் கருவி செல்கின்றது. அமுக்கமானி நோயாளியின் அக்குளின் நடுக்கோட்டு மட்டத்தில் நிறுத்தப்படுகின்றது. முதலில் ஈரல் நாளமும் பின்னர் வாயினாளமும் குத்தப்படும். இரண்டும் படத்திற் கருங்குழாய்களாகவே தோன்றுவதால் மயங்க இடமுண்டு. அம்மயக்கத்தைத் தீர்ப்பது தொப்ளர் விளைவு. புகைவண்டி அணுகும்போதும் அகலும்போதும் ஊதலொலி வேறுபடுதற்குக் காரணமானதும் 1842 ஆம் ஆண்டில் அவ்வறிஞர் கூறியதுமாகிய விதியே, ஓடும் குருதியில் பட்டு மீளும் கழியொலிக்கும் பொருந்தும். ஈரல் நாளம் இதயத்துக்கு அண்மையில் உள்ளதாதலின் இதயத்தின் துடிப்பையொட்டி அதன் ஓட்டம் ஏறியிறங்கும். இருபுறமும் நுண்குழாய்களால் அடைபட்ட வாயினாளத்திலோ ஓட்டம் ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கும். ஊசி இரைப்பைச் சுவரையும் ஈரலின் சதையையும் ஊடறுத்து நாளத்துட் புகுந்ததும், உறையாமைக்கான ஹெப்பரின் கலந்த உப்புநீர் ஒரு சிறிது செலுத்தப்படுகின்றது. உடனே அமுக்கமானியின் எண் உயர்ந்து, பின்னர் மெல்ல மெல்ல இறங்கி ஓரிடத்தில் நிலைக்கும். நிலைத்த எண்ணே கொள்ளத்தக்கது. ஒவ்வொரு நாளத்திலும் மும்முறை அளந்து சராசரி காண்பர்.

எண் ஏன் மெல்ல இறங்குகின்றது என்பது பௌதிகவியல் மாணவர் சிந்திக்கத்தக்கது. ஊசியின் வெளிவிட்டம் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். அதன் நீளமோ ஒரு மீற்றருக்கு மேற்பட்டது. இத்துணை ஒடுங்கிய நெடுங்குழாயின் தடை புவசேயின் விதிப்படி மிகப் பெரிது. அவ்வாறாயின் அது அமுக்கத்தைக் குறைத்துக் காட்டாதோ என்னும் ஐயம் எழும். காட்டாது. அமுக்க இழப்பு என்பது தடையையும் ஓட்டத்தையும் பெருக்கிய பெருக்கம். ஓட்டம் பூச்சியமாகும்போது, தடை எத்துணைப் பெரிதாயினும் இழப்பும் பூச்சியமே. ஊசியின் ஒடுக்கம் சமநிலை எய்தும் நேரத்தை நீட்டுமேயன்றிச் சமநிலையின் எண்ணை மாற்றாது. பொறுமையின்றி முதலிற் கண்ட எண்ணைக் குறித்துக்கொள்பவர் நோயை மிகைப்படுத்துவர். ஒரு நோயாளியின் ஈரலில் அமுக்கத்தை உயர்த்திய அதே விதி அதனை அளக்கும் கருவியையும் ஆள்கின்றது என்பது வியப்புக்குரியது.

அளந்து முடிந்ததும் ஊசியை ஒரேயடியாக இழுத்துவிடுதல் தகாது. நாளத்தினின்று ஈரற் சதைக்குள் முனையை இழுத்து நிறுத்தி, வந்த வழியிற் குருதி ஓடுகின்றதா என்பதைத் தொப்ளர் படத்தாற் பார்த்து, இல்லையென்று கண்ட பின்னரே வெளியெடுப்பர். ஊசி நேரே வயிற்றறையிலிருந்து நாளத்தைக் குத்தாமல் ஈரற் சதையினூடே செல்வதன் நோக்கமும் இதுவே. சதை துளையை அமுக்கி மூடிவிடும். இதே வேளையிற் களத்தின் நாளப் புடைப்பைக் கண்ணாற் காண்பதும், ஈரலின் சிறுதுண்டை எடுத்து நுணுக்குக்காட்டிக்கு அனுப்புவதும் கூடும். ஊடுகதிரும் அதற்கான மைமருந்தும் வேண்டா. மூன்று நாட்களிற் செய்யும் மூன்று சோதனைகள் ஒரு மயக்கத்துள் அடங்குதல் நோயாளிக்கு ஆறுதல்.

இவ்வளவும் கூறியபின், புதுமுறை பழையதை அகற்றிவிட்டது என முடிவுசெய்தல் அவசரமாகும். நேரே அளப்பது உய்த்துணர்வதிலும் மேலானது என்று தோன்றுதல் இயல்பே. ஆனால் 10, 12 என்னும் எல்லைகள் வாயினாளத்தை நேரே அளந்து பெற்றவை அல்ல. பல்லாயிரம் நோயாளரைப் பல்லாண்டு தொடர்ந்து, அடைப்பமுக்கத்தைக் கொண்டு பெற்றவை. புதிய கருவி காட்டும் 11 என்பது பழைய முறையின் 11 உணர்த்தும் விளைவையே உணர்த்துமா என்பதைத் தனியே நீண்டகாலம் ஆராய்ந்தே சொல்லல்வேண்டும். மயக்க மருந்தின் ஆழம் அமுக்கத்தை மாற்றும் என்பதும் அறியப்பட்டதே. கழுத்து நாள முறையில் நோயாளி பெரும்பாலும் விழித்தோ சிறு தூக்கநிலையிலோ இருப்பார். இரைப்பையுட் பருங்கருவி செலுத்துகையிலோ ஆழ்ந்த மயக்கம் வேண்டப்படும். இரு எண்களையும் ஒப்பிடுவோர் இவ்வேற்றுமையை மறக்கலாகாது.

இன்னொருபுறம், ஊசியும் குழாயும் இன்றியே ஈரலின் விறைப்பைத் தோலின் மேலிருந்து அளக்கும் கருவிகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வழக்கிலுள்ளன. பவேனோ என்னும் இத்தாலிய ஊரின் பெயரால் வழங்கும் மாநாட்டு அறிஞர் 2021 ஆம் ஆண்டில் வகுத்த நெறிப்படி, விறைப்பு 15 கிலோபசுக்காலுக்கு மேற்படாமலும் குருதிச் சிறுதட்டுக்கள் கனமில்லிமீற்றருக்கு 150,000 க்குக் குறையாமலும் இருப்போருக்கு அபாயமான அமுக்கம் இல்லையெனக் கொள்ளலாம். மது, வைரசு முதலியவற்றால் நோயுற்றோரில் விறைப்பு 25 ஐ எட்டின் உண்டெனக் கொள்ளலாம். இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்டோரும், உடல் மிகப் பருத்தமையால் இக்கருவிகள் பிழைபடக்கூடியோரும், தடை நுண்குழாய்க்கு முன்னரே உளதென ஐயுறப்படுவோருமே நேரளவையால் மிகுந்த பயன் பெறத்தக்கோர்.

நோய் முற்றியோர் இப்பயனைப் பெறல் அரிது. வயிற்றில் நீர் மிகுந்தால் இரைப்பைக்கும் ஈரலுக்கும் இடையே நீர் புகுந்து, துளையை மூடவேண்டிய நெருக்கம் இல்லாதொழியும். குருதிச் சிறுதட்டு 50,000 க்குக் குறைந்தோரையும் குருதி உறைதல் வெகுவாகத் தாமதிப்போரையும் ஆய்வுகளில் விலக்கியே வைத்தனர். கழுத்து நாள முறையிற் குழாய் நாளங்களுக்குள்ளேயே சென்று நாளத்துள்ளேயே நின்றுவிடுவதால் ஈரலின் மேற்பரப்பில் துளையொன்றும் விழுவதில்லை; அவ்வழியாற் சதைத்துண்டு எடுக்கும்போது குருதி கசியினும் அது பெரும்பாலும் நாளத்துக்கே திரும்பும். ஆகவே நீர் கோத்து, உறையும் ஆற்றலும் இழந்து, அமுக்கம் மிக உயர்ந்து நிற்கும் நோயாளியின் பொருட்டு 1951 ஆம் ஆண்டில் மையேர்சும் தெயிலரும் கண்ட வழியே இன்றும் கைக்கொள்ளப்படுகின்றது.